வண்டி லைட்டும் என் கண்ணும்

போன வருஷம் மழை விட்ட பிறகு எனக்கு ரோடு மங்கலாகத் தெரிய ஆரம்பித்தது. பகலில் ஒரு குறையும் இல்லை. எங்கள் பழவேற்காடு ஏரிக்கு நடுவில் பூநாரைகள் கூட்டமாக நிற்கும்போது, அதில் எது குஞ்சு, எது பெரிசு என்று கரையிலிருந்தே பிரித்துச் சொல்வேன். விடிவதற்கு முன்னால் வண்டியை எடுத்துக்கொண்டு கோட்டைக்குப்பத்திலிருந்து பொன்னேரி ரோட்டில் ஏறும்போதுதான் தொந்தரவு. லைட் எரியும். ஆனால் அந்த வெளிச்சம் ரோட்டில் விழுகிறதா, விழாமல் பாதியிலேயே கரைந்துபோகிறதா என்று சந்தேகமாக இருக்கும். குழி பக்கத்தில் வந்த பிறகுதான் கண்ணுக்குத் தெரியும்.

என்னிடம் இருப்பது ஒரு பிக்கப் வண்டி. பழைய வண்டி, ஆனால் உழைக்கிற வண்டி. என் பெண்டாட்டி எங்கள் குப்பத்திலும் தோணிரேவுப் பக்கத்திலும் ஏரி நண்டும் இறாலும் வாங்குகிறாள். நண்டைக் காலோடு சேர்த்துக் கயிறு போட்டுக் கட்டி, ஈரச் சாக்கு மூடி கூடையில் அடுக்குவது அவள் வேலை. அதை வெயில் ஏறுவதற்குள் சென்னை மார்க்கெட்டில் உயிரோடு இறக்குவது என் வேலை. செத்த நண்டை எந்த ஏஜெண்டும் வாங்க மாட்டான். அதனால் நான் இருட்டில்தான் கிளம்பியாக வேண்டும். இருட்டில் ஓட்ட முடியாத ஆளுக்கு இந்தத் தொழிலில் இடமில்லை.

மங்கலாகத் தெரிகிறது என்றதும் வேறு யாராக இருந்தாலும் முதலில் லைட்டைத்தான் பார்த்திருப்பார்கள். நான் பார்க்காததற்குக் காரணம் என் நைனா. அப்பாவை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம்.

அவர் கடலுக்கும் ஏரிக்கும் போனவர். ஏறக்குறைய இப்போது எனக்கு இருக்கிற வயசில்தான் அவருக்குக் கண் போக ஆரம்பித்தது. ஒரு நாள் கரைக்கு வந்து, படகில் இருக்கிற விளக்கெல்லாம் புகை மூடின மாதிரி இருக்கிறது என்று சொன்னார். விளக்குக் கண்ணாடியைத் துடைக்கச் சொன்னோம். அவரும் துடைத்துத் துடைத்துப் பார்த்தார். பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனபோது, கண்ணுக்குள் பிரஷர் ஏறியிருக்கிறது, ரொம்பத் தாமதமாக வந்துவிட்டீர்கள், போன பார்வை திரும்பாது என்று டாக்டர் சொன்னார். இது ரத்த சொந்தத்தில் வரக்கூடியது, பிள்ளைகளும் அப்பப்போ காட்டிக்கொள்ள வேண்டும் என்றும் சொன்னார். அந்த ஆஸ்பத்திரி வராந்தாவில் நான் நைனாவுக்குப் பக்கத்தில்தான் நின்றிருந்தேன். அவர் காலமாகிப் பல வருஷம் ஆகிவிட்டது. டாக்டர் சொன்னது மட்டும் எனக்குள் அப்படியே இருந்தது. நான் ஒரு தடவைகூடப் போய்க் காட்டவில்லை. காட்டினால் ஏதாவது சொல்லிவிடுவார்களோ என்ற பயம்தான்.

அதனால் ரோடு மங்கியதும், நைனாவின் பங்கு எனக்கும் வந்துவிட்டது என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன். யாரிடமும் சொல்லவில்லை. டாக்டரிடம் போகிற தைரியமும் இல்லை. அதற்குப் பதிலாக எக்ஸ்ட்ரா லைட் மாட்டினேன்.

சென்னையில் கூடைகளை இறக்கிவிட்டுத் திரும்பும் வழியில் ரோட்டோரம் ஒரு கடை. லாரிக்காரர்கள் எல்லாம் அங்கே நிறுத்திக் கலர் கலராக லைட் மாட்டிக்கொள்வார்கள். பம்பரில் உருண்டையாக இரண்டு லைட்டை வைத்து, ஹெட்லைட்டுக்குப் போகிற ஒயரைப் பிரித்து, அதிலேயே இதற்கும் முறுக்கி டேப் சுற்றிக் கொடுத்தார்கள். ஸ்டியரிங் பக்கத்தில் ஒரு சின்ன சுவிட்ச். டீ குடித்து முடிப்பதற்குள் வேலை முடிந்துவிட்டது.

முதல் சில நாள் சொர்க்கமாக இருந்தது. ரோடு முழுசும் வெளிச்சம். அந்த நாட்களில் நான் வண்டியில் பாட்டு போட்டுக்கொண்டு போனேன். பிறகு அந்த வெளிச்சமும் மெல்லப் பழுத்துப்போக ஆரம்பித்தது. ஹார்ன் அடித்தால் லைட் ஒரு தரம் சோர்ந்து எழும். எக்ஸ்ட்ரா லைட்டைப் போட்டால் ஹெட்லைட் இறங்கிப் போகிற மாதிரி இருக்கும். இதையெல்லாம் நான் பார்த்தேன். பார்த்தும், லைட் மேல் சந்தேகம் வரவில்லை. நாலு லைட் எரிந்தும் எனக்கு ரோடு தெரியவில்லையே, அந்த அளவுக்கா கண் கெட்டுப்போயிருக்கிறது என்றுதான் மனசு ஓடியது. பயம் பிடித்த மனசு எதைப் பார்த்தாலும் அதையே தனக்குச் சாட்சியாக எடுத்துக்கொள்ளும்.

மார்கழியில் ஒரு நாள் விடியல். நல்ல பனி. ஏரியை ஒட்டி ரோடு போகிற இடத்தில், தண்ணீர் எது தார் எது என்று தெரியாமல் எல்லாம் ஒரே சாம்பலாக இருந்தது. மெதுவாகத்தான் போய்க்கொண்டிருந்தேன். எதிரில் எதுவோ அசைகிற மாதிரி தெரிந்தது. ஹார்னை அழுத்தினேன். அந்த நொடியில் முன்னால் இருந்த எல்லா லைட்டும் ஒரேயடியாக அணைந்துபோயின. பிரேக்கின் மேல் ஏறி நின்றேன் என்றுதான் சொல்ல வேண்டும். பின்னால் கூடைகள் சரிந்து மோதின. வண்டி குலுங்கி நின்றது.

கீழே இறங்கிப் பார்த்தால், பம்பருக்குக் கைக்கெட்டும் தூரத்தில் நாலைந்து பெண்கள். ஏரியில் இறங்கிக் கையாலேயே தடவி இறால் பிடிக்கிறவர்கள். பிடித்த இறாலைப் போட ஓலையில் முடைந்த பறியைத் தோளில் மாட்டிக்கொண்டு, கையில் சோற்றுத் தூக்கோடு வரிசையாக வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். ஒருவர் மேலும் படவில்லை. ஆனால் முன்னால் வந்த அம்மா ரோட்டோரச் சரிவில் கால் வைத்துச் சறுக்கி உட்கார்ந்துவிட்டிருந்தார். எழுந்து வந்து வண்டிக் கதவில் ஓங்கி ஒரு தட்டு தட்டினார்.

"கண்ணு தெரியலயா உனக்கு? ஆளு வர்றது தெரியாமலா வண்டி ஓட்டிக்கினு வர்ற?"

ரோட்டில் தினமும் யாரோ யாரையோ திட்டுகிற வார்த்தைதான். எனக்கு அது அப்படி விழவில்லை. கையெடுத்துக் கும்பிட்டேன். அடிபட்டதா என்று கேட்டேன். என் முகத்தைப் பார்த்து அந்த அம்மாவுக்கே என்னவோ போலாகிவிட்டது. ஒன்றுமில்லை, பார்த்துப் போ நைனா என்று சொல்லிவிட்டு, சேலையில் ஒட்டின மண்ணைத் தட்டிக்கொண்டு நடந்தார். போன் வெளிச்சத்தில் ஃபியூஸ் பெட்டியைத் திறந்து கருகின ஃபியூஸை எடுத்துவிட்டு வேறு ஒன்றைப் போட்டேன். ஹெட்லைட் எரிந்தது. எக்ஸ்ட்ரா லைட்டை நான் தொடவே இல்லை. அங்கேயே வண்டியை ஓரம் கட்டி, நன்றாக விடியும் வரை உட்கார்ந்திருந்தேன்.

அதற்குப் பிறகு நான் இருட்டில் கிளம்புவதை நிறுத்திவிட்டேன். ஒரு நாள் முதுகு வலி என்றேன். ஒரு நாள் டயரில் காற்று இறங்கியிருக்கிறது என்றேன். இன்னொரு நாள் பனி அதிகம், கொஞ்சம் வெளுக்கட்டும் என்றேன். பெண்டாட்டி கூடைகளைக் கட்டி வைத்துவிட்டு வண்டிக்குப் பக்கத்தில் காத்திருப்பாள். கிழக்கே வெளுத்த பிறகு நான் கிளம்புவேன். மார்க்கெட்டுக்குப் போய்ச் சேரும்போது வெயில் சுள்ளென்று அடிக்கும். கூடையைத் திறந்தால் மேலடுக்கு நண்டு சோர்ந்து கிடக்கும். ஏஜெண்ட் ஒவ்வொன்றாக எடுத்து ஆட்டிப் பார்ப்பார். நான் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நிற்பேன்.

பெண்டாட்டி முதலில் சண்டை போட்டாள். பிறகு சண்டை போடுவதை நிறுத்திவிட்டாள். அதுதான் எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது. ராத்திரி சாப்பாடு போடும்போது என் முகத்தையே பார்ப்பாள், ஒன்றும் கேட்க மாட்டாள். சொல்லிவிடலாம் என்று பல தடவை வாய் வரைக்கும் வந்தது. சொன்னால் அது நிஜமாகிவிடும் என்று விழுங்கிக்கொண்டேன்.

எங்கள் ஏரியில் எல்லா ஊரும் எல்லா நாளும் வலை போட முடியாது. இந்த இடத்தில் இன்றைக்கு இந்த ஊர் என்று முறை இருக்கிறது. அதைப் பாடு என்போம். எங்களுக்குப் பாடு இல்லாத ஒரு நாளில், லோடு ஒன்றும் இல்லாமல் வண்டி வாசலில் சும்மா நின்றுகொண்டிருந்தது. மத்தியானம் என் மச்சான் பைக்கில் வந்து இறங்கினான். பெண்டாட்டியின் தம்பி. கும்மிடிப்பூண்டி பக்கம் ஒரு கம்பெனியில் எலக்ட்ரீஷியனாக இருக்கிறான். தோளில் ஒரு பை, அதில் மீட்டர், ஒயர், டேப், ஸ்பேனர். வண்டி லைட் சரியில்லையென்று அக்கா சொல்லிற்று, பார்த்துவிட்டுப் போகலாமென்று வந்தேன் என்றான்.

நான் அவ்வளவு ஆர்வம் காட்டவில்லை. லைட்டில் ஃபியூஸ் போனது உண்மைதான், அதைச் சரி பண்ணுவதும் நல்லதுதான். ஆனால் என் கோளாறு வேறு இடத்தில் இருக்கிறது, அதற்கு இவன் பையில் ஸ்பேனர் இல்லை என்று நினைத்துக்கொண்டேன். பானட்டைத் திறந்துவிட்டேன்.

மச்சான் பேசிக்கொண்டே வேலை செய்கிற ஆள். தன் கம்பெனி கேண்டீன் சாம்பாரிலிருந்து சூப்பர்வைசரின் புது விக் வரைக்கும் எல்லாவற்றையும் சொல்லிக்கொண்டே ஒயரைக் கையால் தடவிக்கொண்டு போனான். ஹெட்லைட்டுக்குப் பின்னால் ஒரு இடத்தில் கை நின்றது. பேச்சும் நின்றது. அந்தக் கடைக்காரர்கள் முறுக்கிச் சுற்றின இணைப்பு. டேப் சூட்டில் உருகிப் பிசினாகியிருந்தது. பிரித்துப் பார்த்தால் உள்ளே செம்புக் கம்பி பச்சை பூத்து, பாதி அறுந்து போயிருந்தது. அங்கிருந்து பம்பருக்குப் போகிற ஒயர் தகட்டு ஓரத்தில் உராய்ந்து தோல் கிழிந்து, தகட்டைத் தொட்டுக்கொண்டிருந்தது. வண்டி குலுங்கும்போது நன்றாக ஒட்டினால் ஃபியூஸ் போய்விடும், எல்லாம் அணைந்துவிடும்.

"ரெண்டு லைட்டுக்குப் போட்ட ஒயரு மாமா இது. இதுல நாலு லைட்டு எரியணும்னா எப்டி எரியும்? இந்த மட்டும் வண்டி பத்திக்காம இருந்துதே, அத்த சொல்லு."

அன்றைக்கு எல்லாம் அணைந்துபோனது என் தப்பு இல்லை என்று அப்போது தெரிந்தது. உள்ளே ஏதோ கொஞ்சம் இளகியது. ஆனால் அதற்கு முன்னாலிருந்தே, எக்ஸ்ட்ரா லைட் மாட்டுவதற்கு முன்னாலேயே, ரோடு மங்கலாகத்தானே இருந்தது? அந்த நினைப்பு உடனே வந்து ஒட்டிக்கொண்டது.

பழவேற்காடு கடைத்தெருவுக்குப் போய், தடித்த ஒயரும் ஒரு ரிலேயும் தனி ஃபியூஸும் வாங்கி வந்தோம். எக்ஸ்ட்ரா லைட்டுக்கான கரெண்ட் இனி பேட்டரியிலிருந்து நேராக வரும், ஹெட்லைட் ஒயரைத் தொடாது, உன் சுவிட்ச் ரிலேயைத் தட்டிவிடுகிற வேலையை மட்டும்தான் செய்யும் என்று மச்சான் சொன்னான். பழைய இணைப்பை வெட்டி எறிந்துவிட்டு, புது ஒயரைத் தகட்டில் படாமல் குழாய்க்குள் விட்டுக் கொண்டுபோய்க் கட்டினான். நான் ஒயரைப் பிடித்துக் கொடுத்தேன். பெண்டாட்டி டீ கொண்டுவந்து வைத்தாள். தம்பியும் அவளும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அதை நான் கவனித்தேன், ஆனால் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

சுவிட்சைப் போட்டதும் எக்ஸ்ட்ரா லைட் எரிந்தது. ஹார்ன் அடித்துப் பார்த்தான், அணையவில்லை. முடிந்தது என்று கையைத் துடைத்துக்கொண்டான். எதற்கும் இருக்கட்டுமென்று வலது பக்க இண்டிகேட்டரைப் போடச் சொன்னான். போட்டேன். இண்டிகேட்டர் ஒவ்வொரு தரம் மின்னும்போதும் பம்பரில் இருந்த லைட்டும் கூடவே மங்கி மங்கி எரிந்தது.

மச்சான் சிரித்தான். அது போட்டால் இது ஏன் கண்ணடிக்கிறது என்று கேட்டான். பிறகு அவனுக்குச் சிரிப்பு வரவில்லை. ரிலேயைக் கழற்றி மாட்டினான். சுவிட்சைப் பிரித்து நேரடியாக இணைத்துப் பார்த்தான். பல்பை மாற்றினான். எதற்கும் அது மசியவில்லை. லைட்டுக்கு வருகிற ஒயரில் மீட்டரை வைத்துப் பார்த்தால் கரெண்ட் முழுசாக இருந்தது. டீ ஆறிப்போய்விட்டது. பொழுதும் சாய்ந்துகொண்டு வந்தது.

வாசலில் நின்று வெளிச்சத்தை எடை போட முடியாது, வண்டியை ஏதாவது சுவருக்கு எதிரே கொண்டுபோய் நிறுத்து மாமா என்றான். எங்கள் குப்பத்தின் ஓரத்தில் புயலுக்கு ஒதுங்குகிற கட்டடம் இருக்கிறது. புதிதாக வெள்ளையடித்திருந்தார்கள். அதன் சுவருக்கு எதிரே வண்டியை நிறுத்தினேன். மச்சான் தன் பைக்கைக் கொண்டுவந்து பக்கத்தில் நிறுத்தி அதன் லைட்டையும் போட்டான். பெண்டாட்டியும் எங்கள் கூட நடந்து வந்திருந்தாள். அவளைச் சுவர் பக்கத்தில் போய் நின்று பார்க்கச் சொன்னான்.

நான் சீட்டில் உட்கார்ந்தபடி சுவரைப் பார்த்தேன். பைக்கின் வெளிச்சம் வெள்ளையாக ஒரு வட்டம். என் வண்டியின் வெளிச்சம் அதற்குப் பக்கத்தில் பழுப்பாக, சோர்ந்து கிடந்தது. நான் பார்த்தது அப்படித்தான். ஆனால் நான் பார்ப்பதை நானே நம்புகிற நிலையில் இல்லை. வாயைத் திறக்காமல் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இத்தனை பெரிய வண்டி லைட், வெள்ளை வெளேரென்று இருக்கிறதே என்று அவள் சொல்லிவிட்டால் கதை முடிந்தது.

அவள் சுவரில் கையை வைத்து, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தாள்.

"இது இன்னாய்யா, மஞ்சத்தண்ணி ஊத்துன மாதிரி கீது? தம்பி வண்டி லைட்டு எவ்ளோ வெள்ளையா கீது பாரு."

நான் கதவைத் திறந்துகொண்டு இறங்கினேன்.

"உனக்கும் மஞ்சளாவா தெரியுது?"

"கண்ணு கீற யாருக்கும் மஞ்சளாத்தான் தெரியும்."

மச்சானும் அங்கிருந்தே, மஞ்சளா, செம்மண் கலர் என்று சொல் என்றான். அவர்கள் இரண்டு பேரும் வெகு சாதாரணமாகச் சொல்லிவிட்டு அடுத்த வேலையைப் பார்த்தார்கள். நான்தான் பானட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மூன்று பேருக்கும் ஒரே நிறமாகத் தெரிகிறது. பைக் லைட் எனக்கும் வெள்ளையாகத் தெரிகிறது, அவர்களுக்கும் வெள்ளையாகத் தெரிகிறது. இது லைட். என் கண் இல்லை. இந்த இரண்டையும் மனசுக்குள் திருப்பித் திருப்பிச் சொல்லிக்கொண்டேன்.

மச்சானுக்கு அதற்குள் பிடிபட்டுவிட்டது. லைட்டுக்குப் போகிற கரெண்ட் சரியாக இருக்கிறது, திரும்பி வருகிற வழிதான் எங்கேயோ அடைத்துக்கொண்டிருக்கிறது, அதனால்தான் இண்டிகேட்டர் போட்டால் இதுவும் சேர்ந்து ஆடுகிறது என்றான். ஒரு நீள ஒயரை எடுத்து ஒரு முனையைப் பேட்டரியின் நெகட்டிவில் வைத்துப் பிடித்துக்கொள்ளச் சொன்னான். மறு முனையை ஹெட்லைட்டுக்குப் பின்னால், கரெண்ட் திரும்பி வருகிற எர்த் ஒயர் மேல் வைத்தான்.

சுவர் பளிச்சென்று ஆனது. பைக்கின் வெளிச்சம் அதற்குள் காணாமல் போய்விட்டது. பெண்டாட்டி கண்ணைக் கையால் மறைத்துக்கொண்டு விலகினாள். ஒயரை எடுத்தான், மறுபடியும் பழுப்பு. வைத்தான், வெள்ளை. அவன் வேண்டுமென்றே இரண்டு மூன்று தடவை வைத்து எடுத்துக் காட்டினான். எனக்கு இன்னும் பத்துத் தடவை காட்டினாலும் பார்த்துக்கொண்டிருக்கலாம் போலிருந்தது.

எர்த் ஒயரைப் பிடித்துக்கொண்டே போனால், ரேடியேட்டருக்குப் பக்கத்தில் தகட்டில் ஒரு போல்ட். முன்னால் இருக்கிற எல்லா லைட்டுக்கும் அந்த ஒரே போல்ட்தான். எக்ஸ்ட்ரா லைட் மாட்டினவர்களும் அதன் எர்த் ஒயரை அதில்தான் சொருகியிருந்தார்கள். போல்ட்டைச் சுற்றி வெள்ளையும் பச்சையுமாக உப்புப் பூத்து, கீழே துரு அடை அடையாக உரிந்தது. எங்கள் ஊரில் இரும்பு எதுவும் இரும்பாக ரொம்ப நாள் இருப்பதில்லை. மழைக்காலத்தில் ஏரித் தண்ணீர் ரோட்டின் மேல் ஏறும்போது, லோடு போக வேண்டுமே என்று சக்கரம் முழுகுகிற தண்ணீரில் நான் வண்டியை விட்டு ஓட்டியிருக்கிறேன். அந்த உப்புத் தண்ணீர் உள்ளே போய் உட்கார்ந்து, மெல்ல மெல்ல அதைத் தின்றிருக்கிறது. மழை விட்ட பிறகு ரோடு மங்கினது எனக்கு இப்போதுதான் கணக்குக்கு வந்தது.

ஸ்பேனரைப் போட்டுத் திருகியதும் போல்ட்டின் தலை உடைந்து கையோடு வந்தது. மச்சான் தலையில் கையை வைத்துக்கொண்டான். நானோ சிரித்துக்கொண்டிருந்தேன். எதுக்கு மாமா சிரிக்கிற என்று எரிச்சலாகக் கேட்டான். பக்கத்தில் படகு இன்ஜின் பார்க்கிறவரிடம் ஓடிப்போய்த் துருப் பிடிக்காத போல்ட் ஒன்று வாங்கி வந்தேன். பக்கத்திலேயே நல்ல தகடு இருந்த இடத்தில் மச்சான் பெயிண்டைச் சுரண்டி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, எல்லா எர்த் ஒயருக்கும் புது முனை மாட்டி இறுக்கினான். மேலே தடிமனாக கிரீஸ் அப்பினான். எக்ஸ்ட்ரா லைட்டுக்கு எர்த்தைத் தனியாகப் பேட்டரிக்கே இழுத்துவிட்டான். கடைசியில் எல்லாவற்றையும் போட்டுப் பார்த்தோம். ஹெட்லைட், எக்ஸ்ட்ரா லைட், இண்டிகேட்டர், ஹார்ன். ஒன்றை ஒன்று தொந்தரவு செய்யாமல் அதது அதன் வேலையைச் செய்தது. சுவரில் பெயிண்ட்காரர் விட்ட பிரஷ் கோடுகூடத் தெரிந்தது.

மச்சான் சாமான்களைப் பைக்குள் போட்டுக்கொண்டிருக்கும்போது பெண்டாட்டி என் பக்கத்தில் வந்து பம்பரில் சாய்ந்து நின்றாள். அங்கேயே சொல்லிவிட்டேன். நைனாவுக்கு வந்தது எனக்கும் வந்துவிட்டது என்று நினைத்ததை, அந்த அம்மா கதவில் தட்டிக் கேட்டதை, முதுகு வலி பொய் என்பதை, எல்லாவற்றையும்.

அவள் என் பக்கம் திரும்பினாள். பிறகு கேட்டாள்.

"இத்தினி நாளும் இத்த உள்ள வச்சிக்கினா படுத்த?"

ஆமாம் என்றேன். அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். அவள் என்னென்னவோ நினைத்திருக்கிறாள். எனக்கு இந்தத் தொழில் வெறுத்துவிட்டது, வண்டியை விற்றுவிட்டு எங்கேயாவது கம்பெனி டிரைவராகப் போகப் பார்க்கிறேன், அதைச் சொல்லத் தெரியாமல் முழிக்கிறேன் என்று நினைத்திருக்கிறாள். ஒரு கட்டத்தில் எனக்குப் பெரிய வியாதி ஏதோ வந்துவிட்டது என்றும் பயந்திருக்கிறாள். மச்சான் பையின் ஜிப்பை இழுத்துக்கொண்டே, "அக்கா லைட்டப் பாக்கக் கூப்புடல மாமா. உன்னப் பாக்கத்தான் கூப்புட்டுது. லைட்டு சும்மா ஒரு சாக்கு" என்றான்.

ஏரிப் பக்கமிருந்து காற்று வந்தது. வீட்டுக்குப் போனதும் பெண்டாட்டி இறால் தொக்கு வைத்தாள். மச்சான் மூன்று தட்டு சாப்பிட்டுவிட்டு, கேண்டீன் சாம்பாரைப் பற்றி விட்ட இடத்திலிருந்து மறுபடியும் ஆரம்பித்தான்.

எங்கள் அடுத்த பாடு வந்த நாளில் நான் இருட்டோடு கிளம்பினேன். பனி இருந்தது. ரோட்டின் ஓரக்கோடு, குழி, புளிய மரத்தில் அடித்திருந்த வெள்ளைப் பட்டை, எல்லாம் தூரத்திலிருந்தே எழுந்து வந்தன. ஏரியை ஒட்டிய இடத்தில் வேகத்தைக் குறைத்தேன், பயத்தில் இல்லை, அந்த இடத்தில் குறைக்க வேண்டும் என்பதால். மார்க்கெட்டில் கூடையைத் திறந்தபோது ஒரு நண்டு கயிற்றை நழுவவிட்டு ஏஜெண்டின் விரலைப் பிடிக்கப் பார்த்தது. அவர் கையை உதறிக்கொண்டு திட்டினார். அந்தத் திட்டு எனக்கு இனிப்பாக இருந்தது.

ஆனால் பெண்டாட்டி அத்தோடு விடவில்லை. லைட் சரி, கண்ணையும் காட்டிவிட்டு வா என்றாள். டாக்டர் அன்றைக்குச் சொன்னது உண்மைதானே, பிள்ளைகளும் காட்ட வேண்டும் என்று சொன்னாரே என்றாள். இந்தத் தடவை மறுக்க எனக்கு வழியில்லை. வண்டியை விட்டுவிட்டு இரண்டு பேரும் பஸ்ஸில் பொன்னேரிக்குப் போனோம்.

கண் ஆஸ்பத்திரியில் எழுத்தைப் படிக்கச் சொன்னார்கள். ஒரு மிஷினில் தாடையை வைக்கச் சொல்லிக் கண்ணுக்குள் காற்று ஊதினார்கள். பிறகு சொட்டு மருந்து விட்டு, கண்ணை மூடிக்கொண்டு உட்காரச் சொன்னார்கள். பெஞ்சில் பெண்டாட்டி என் முழங்கை மேல் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மூடின கண்ணுக்குள் எனக்குப் பயம் இல்லாமல் இல்லை. ஆனால் இது தனியாகப் பட்ட பயம் மாதிரி இல்லை. டாக்டரம்மா சின்ன விளக்கை வைத்து உள்ளே ரொம்ப நேரம் பார்த்தார். பிரஷர் சரியாக இருக்கிறது, நரம்பும் நன்றாக இருக்கிறது என்றார். அப்பாவுக்கு இருந்ததால் வருஷத்துக்கு ஒரு தடவை வந்து காட்டிக்கொள்ளுங்கள் என்றார். பக்கத்தில் வைத்துப் படிக்க மட்டும் கண்ணாடி வேண்டும், அது வயசுக்கு வருகிறதுதான் என்றார். இன்றைக்கு வண்டி ஓட்டாதீர்கள், மருந்து இறங்கும் வரை கண் கூசும் என்றும் சொல்லி அனுப்பினார்.

வெளியே வந்ததும்தான் அது எப்படிப்பட்ட கூச்சம் என்று தெரிந்தது. மத்தியான வெயில். கடைத்தெரு முழுக்க வெள்ளையாகப் பற்றி எரிகிற மாதிரி இருந்தது. எதிரில் வருகிறவர்களுக்கு முகமே இல்லை. கண் நன்றாக இருக்கிறது என்று டாக்டரே சொல்லி அனுப்பின ஆள், கண்ணைத் திறக்க முடியாமல் பெண்டாட்டி கையைப் பிடித்துக்கொண்டு பொன்னேரிக் கடைத்தெருவில் தடுமாறிக்கொண்டு போனேன். சைக்கிள் வருகிறது, ஒதுங்கு என்பாள். இங்கே படி என்பாள். வழியில் ஒரு பூக்காரம்மா, இவருக்கு என்ன ஆச்சு என்று பாவமாகக் கேட்டார். ஒன்றுமில்லை, கண்ணு சூப்பராக இருக்கிறதாம் என்று இவள் சொன்னாள். பூக்காரம்மா என்ன நினைத்தாரோ.

பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் பிளாட்பாரக் கடையில் ஒரு கறுப்புக் கண்ணாடி வாங்கி என் மூக்கில் மாட்டிவிட்டாள். எந்த மாதிரி கண்ணாடி என்று எனக்குத் தெரியவில்லை. அவள் என்னை ஒரு தரம் பார்த்தாள், பிறகு வாயை மூடிக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தாள். பஸ்ஸுக்கு நின்றவர்கள் திரும்பிப் பார்க்கிற அளவுக்குச் சிரித்தாள். ரொம்ப நாளாக அவள் அப்படிச் சிரித்து நான் கேட்கவில்லை. வீட்டுக்குப் போய்ச் சேரும் வரைக்கும் நான் அதைக் கழற்றவில்லை.